மெடிக்கல் கார்டுக்கு மூன்று கொட்டேஷன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். புத்திசாலித்தனத்தால் குடும்பத்தைக் காப்பாற்றியவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் புத்திசாலித்தனத்தால் குடும்பத்தைக் கரைக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கவிழ்க்கப் பார்த்தவன். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை. மூன்று கொட்டேஷன் கேட்காமல் ஒரு ஆணிகூட வாங்கியதில்லை. (கல்யாணம் மட்டும் ஒரே கொட்டேஷனில் முடிந்தது. அப்போது எனக்கு அனுபவம் போதாது.)

வேலையில் இருக்கும்வரை எனக்கும் மனைவி மகேஸ்வரிக்கும் கம்பெனி மெடிக்கல் கார்டு இருந்தது. அறுபது வயதில் மாலை போட்டு அனுப்பும்போது அந்தக் கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அதன்பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது. டாக்டர்கள் தங்கமானவர்கள், வரிசைதான் நீளம். வரிசையில் நிற்க முடியாத ஒரு நாளுக்காகச் சொந்தமாக ஒரு காப்புறுதிக் கார்டு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மகேஸ்வரியின் ஆசை. தோழி ஒருத்தி முழங்கால் ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இதே கவலை.

நான் விசாரித்த திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அறுபது வயது நிறைந்துவிட்டால் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். மகேஸ்வரி என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். (ஒரே வகுப்பில் படித்தோம். அவள்தான் முதல் பெஞ்சு.) ஆகவே நான் ஓய்வு பெறுவதற்கு நாற்பது நாள் முன்பே அவளுக்குக் கதவு அடைபடும். இது தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நல்லதாக ஒன்றைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நான் ஒப்பீட்டு அட்டவணை போட ஆரம்பித்தேன்.

நாலு மாதம் போட்டேன். வருடத்துக்கு எவ்வளவு வரை கட்டுவார்கள், அறை வாடகை எவ்வளவு, நம் பங்காக எத்தனை சதவிகிதம் கேட்பார்கள், சேர்ந்து எத்தனை நாள் கழித்துத்தான் கிளெய்ம் செய்யலாம், எழுபது வயதில் சந்தா எங்கே போய் நிற்கும், நாங்கள் குடியிருக்கும் தீவில் எந்தெந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று நாற்பத்திரண்டு கட்டம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கையேட்டின் காகிதத் தரத்துக்குக்கூட இரண்டு மதிப்பெண் ஒதுக்கியிருந்தேன். காகிதத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறவன் கிளெய்மில் தாராளமாக இருப்பானா என்பது என் வாதம்.

"என்னங்க, கார்டு எடுத்தாச்சா?" என்பாள் மகேஸ்வரி.

"ஒப்பீடு நடந்துகிட்டு இருக்கு."

"இதையேதான் சீனப் பெருநாளுக்கு முன்னாடியும் சொன்னீங்க. எனக்கு வர்ற புதன்கிழமை பொறந்தநாளு லா!"

அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிறு காலை பத்து மணிக்கு, டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு ஹாலில் டெண்டர் திறப்பு என்று அறிவித்தேன். மூன்று ஏஜெண்டுகளும் ஒரே நேரத்தில் வர வேண்டும். விலைப்பட்டியல் ஒட்டிய உறையில் இருக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் பிரிப்பேன்.

முதலாமவன் மகேஸ்வரியின் தம்பி செல்வம். சுங்கை பாக்காப்பில் வீடு, பகுதிநேர ஏஜெண்ட். இரண்டாவது, புஷ்பா என்ற இளம்பெண். கோட்டுப் போட்டு, கையில் டேப்லட்டோடு வருகிற ரகம். மூன்றாவது ஜமால் பாய். வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடை அவருடையது. மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு காப்புறுதியும் விற்பார். கொள்முதல் பிரிவில் ஒரு ரகசியம் உண்டு. மூன்றாவது கொட்டேஷன் ஜெயிப்பதற்காக வருவதல்ல, கணக்குக்குத் துணையாக வருவது. ஜமால் பாயை அப்படித்தான் கூப்பிட்டிருந்தேன்.

ஞாயிறு வந்தது. செல்வம் காடியை நிறுத்திவிட்டு ஒரு கூடை டுரியானோடு இறங்கினான். அக்காவுக்குப் பிறந்தநாள், தம்பி பழம் கொண்டு வருகிறான், உலக வழக்கம். ஆனால் என் கண்ணுக்கு அங்கே டுரியான் தெரியவில்லை. டெண்டர் நாளன்று சப்ளையர் கொண்டு வந்த அன்பளிப்பு தெரிந்தது.

"செல்வம், அதை கேட்டுக்கு வெளிய வச்சிடு."

"மாமா, இது டுரியான்."

"தெரியுது. முடிவு சொல்ற வரைக்கும் உள்ள வரக்கூடாது. மத்தவங்க என்ன நெனைப்பாங்க?"

அவன் வைத்தான். தெருவில் போன இரண்டு பேர் விலை கேட்டார்கள். சமையலறை வாசலில் நின்ற மகேஸ்வரி, "என் தம்பி எனக்குக் கொண்டாந்தது தெருவுல கெடக்குது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

மூன்று பேரையும் மூன்று நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு வடை, ஒரு தே தாரிக் தேநீர் என்று பாரபட்சமில்லாமல் கொடுத்தேன். செல்வத்துக்கு மட்டும் மகேஸ்வரி மூன்றாவது வடை வைத்தாள். நான் அதை எடுத்துத் திரும்பத் தட்டில் போட்டேன். (இப்போது எழுதும்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது.)

உறைகளைப் பிரிப்பதற்கு முன், "அங்கள், ஹெல்த் டிக்ளரேஷன் பார்த்துட்டா மூணு பேருக்குமே ஈசி" என்றாள் புஷ்பா. நியாயம்தான். அவளே கேள்விகளைப் படிக்க, மூவரும் தத்தம் படிவத்தில் குறித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மகேஸ்வரிக்கு எல்லாமே இல்லை, இல்லை, இல்லை. எனக்கும் அதே உற்சாகத்தில் ஆரம்பித்தது. சிகரெட்? இல்லை. இருதயம்? நன்றாக அடிக்கிறது.

"சர்க்கரை?"

"இல்லை" என்றேன்.

"அவருக்கு எங்கேயிருந்து வரும்?" என்றாள் மகேஸ்வரி பெருமையாக. கோபத்திலும் புருஷனை விட்டுக்கொடுக்காதவள். "ராத்திரிக்கு ரெண்டே ரெண்டு சப்பாத்தி. அதுக்கு மேல ஒரு வாய் சாப்பிட மாட்டாரு."

ஜமால் பாய் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏன் பாய், எழுதலையா?" என்றேன்.

"அண்ணே, நான் இதுல சாட்சிக் கையெழுத்துப் போடணும். வெளிய போய்க் கொஞ்சம் பேசலாமா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் வெளியே போயிருப்பான். நானோ டெண்டரின் நேர்மையில் ஊறியவன். "ஒரு சப்ளையர் கூட தனியாப் பேசக்கூடாது பாய். எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். பாவம், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெனமும் சாயங்காலம் நம்ம கடையில சோத்துக்கு நடுவுல ஒரு வெள்ளை மாத்திரை போடுறீங்களேண்ணே. எங்க வாப்பாவும் அதே மாத்திரைதான். பொய் எழுதி கார்டு எடுத்தா, நாளைக்கு ஆஸ்பத்திரி கவுண்டர்ல தெரிஞ்சு போயி மொத்தமா கேன்சல் பண்ணிடுவாங்க. அப்புறம் அக்கா என்னைத்தானே கேப்பாங்க?"

மகேஸ்வரி வடைத் தட்டை மேசையில் வைத்தாள்.

"தெனமும்னா?" என்றாள் மகேஸ்வரி. "என்ன சோறு?"

ஜமால் பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கோழி, மீன் முட்டை, பஞ்சிர்" என்றார் அவர். சோறு மூழ்கும்வரை நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதை எங்கள் ஊரில் பஞ்சிர் என்போம். வெள்ளம் என்று அர்த்தம். அன்று நான் அதில்தான் நின்றேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி கிளினிக்கில் சர்க்கரை என்று சொன்னார்கள். மகேஸ்வரியிடம் சொன்னால் அன்றோடு நாசி கண்டார் போய்விடும். ஆகவே மாத்திரையை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தினம் ஐந்தரை மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு சப்பாத்தியோடு துறவி வேடம் போட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரை போட்டால் பஞ்சிருக்கு அனுமதி என்பது என் மருத்துவ அறிவு.

மகேஸ்வரி திட்டவில்லை. உள்ளே போனாள். ஒரு பையோடு வந்தாள். "தம்பி, காடியை எடு" என்றாள். வெளியே போய் டுரியான் கூடையைத் தானே தூக்கிக்கொண்டாள். "எனக்கு எந்தக் கார்டும் வேணாம். எவன்கிட்டயும் நான் சைன் பண்ண மாட்டேன்."

புஷ்பா, "அங்கள், நான் இன்னொரு நாள் வரேன்" என்று டேப்லட்டை அணைத்தாள். ஜமால் பாய் மட்டும் படி இறங்கும்போது நின்று, "மன்னிச்சிருங்கண்ணே" என்றார். ஒட்டிய மூன்று உறைகளும் மேசையில் அப்படியே கிடந்தன. நாலு மாத உழைப்பில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் போனை எடுக்கவில்லை. அன்று இரவு இரண்டு சப்பாத்தி நானே சுட்டேன். பசியே இல்லாதவன்போல அத்தனை நாள் சாப்பிட்டதற்குத் தண்டனையாக, அன்று நிஜமாகவே பசி இல்லை. புதன் வந்துவிட்டால் அவளுக்கு ஆயுளுக்கும் கார்டு இல்லை, காரணம் நான். பயமாக இருந்தது. அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இதற்கு இடமில்லை.

செவ்வாய் காலை லீவு போட்டுவிட்டு, மூன்று படிவங்களையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சுங்கை பாக்காப்புக்குப் போனேன். செல்வம் கதவைத் திறந்து, என் கையில் பழம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

மகேஸ்வரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை வருஷமா?"

"ரெண்டு."

"ஏன் சொல்லல?"

"நீ சோத்தை நிறுத்திடுவேன்னு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒருநாள் மயங்கி விழுந்திருந்தா, இவருக்கு என்ன நோயின்னு டாக்டர் கேட்டிருப்பாரு. ஒண்ணுமில்ல, ரெண்டு சப்பாத்தி சாப்பிடுற மனுஷன்னு சொல்லியிருப்பேன். நானே உங்களைக் கொன்னிருப்பேன்."

நாற்பத்திரண்டு கட்டம் போட்ட கையால் மூன்று படிவங்களையும் அவள் முன்னால் வைத்தேன்.

"அந்த ஃபார்மைக் குடுங்க" என்றாள். செல்வம் முகம் மலர்ந்து தன் படிவத்தை முன்னால் நகர்த்தினான். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு ஜமால் பாயின் படிவத்தை எடுத்தாள்.

"அக்கா! நான் உன் கூடப்பொறந்தவன் லா!"

"அதனாலதான்டா வேணாம். மாமா மனசு நோகும்னு எதையும் மறைப்பே. ஜமால் பாயைப் பாரு, கமிஷன் போனாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொன்னாரு. என்கிட்ட இதை மறைக்காதவரு அந்தக் காகிதத்துல இருக்கிறதையும் மறைக்க மாட்டாரு."

செல்வத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவருக்கு மட்டும்தான் தெரியுமா? மாமாவுக்குச் சர்க்கரைன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்கா! சீட்டுக்கு அடியில நானே பார்த்திருக்கேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதன் பிறகு அக்காவிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. எனக்குக் கிடைக்க வேண்டியதில் பாதி அவனுக்குப் போனது என்பது மட்டும் ஒரு ஆறுதல்.

ஜமால் பாய் மதிய வியாபாரத்தை அவசரமாக முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். கைகழுவ நேரமில்லை போலிருக்கிறது. மகேஸ்வரியின் படிவத்தின் ஓரத்தில் மஞ்சள் கட்டைவிரல் அடையாளம் ஒன்று விழுந்தது. வரிவரியாகப் படித்துக் காட்டினார். எதற்குக் கட்ட மாட்டார்கள் என்பதைத்தான் முதலில் சொன்னார். அன்று மாலையே ஆன்லைனில் அனுப்பி, பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பாக அவளுக்குக் கார்டு உறுதியானது. எனக்கும் கிடைத்தது, சர்க்கரையும் அதன் சொந்தபந்தங்களும் நீங்கலாக. சந்தாவும் கொஞ்சம் கூடுதல். பொய்யோடு எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்று இப்போது தெரிகிறது.

ஜமால் பாய் கடைக்கு இப்போதும் போகிறேன். அரைத் தட்டுச் சோறு, முட்டைக்கோஸ், ஒரு துண்டு மீன். குழம்பு கேட்டால் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இனிமே நீங்க கஸ்டமர் இல்லண்ணே, என் பாலிசி" என்கிறார். தீவிலேயே தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட ஒரே கடைக்காரர் அவராகத்தான் இருப்பார்.

போன வருடம் மகேஸ்வரிக்குப் பித்தப்பையில் கல். வலியில் துடித்தவளைக் கூட்டிக்கொண்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கார்டைக் கொடுத்தோம்; மதியத்துக்குள் செலவைக் கட்டுவதாகக் காப்புறுதிக் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் வந்தது, அன்று மாலையே அறை கிடைத்தது. கடிதம் வந்துவிட்டது என்று கவுண்டரில் சொன்னபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஓடி வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆபரேஷனுக்கு முன்னால், படிவத்தோடு ஒரு தமிழ் நர்ஸ் வந்தார். "கூட இருக்கிறது யாரு, ஹஸ்பண்டா? அங்கள், உங்களுக்குத் தெரிஞ்சு ஆன்ட்டிக்கு வேற ஏதாவது நோய் இருக்கா?"

நான் வாயைத் திறந்தேன். கையில் ஊசி ஏற்றிப் படுத்திருந்த மகேஸ்வரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அவரைக் கேக்காதீங்க சிஸ்டர். ஜமால் பாய்க்குப் போன் போடுங்க."