பிறவி வழுக்கையும் கொட்டிய முடியும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் என் தங்கையும் உங்கள் சலூனும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பதிலுக்குக் காத்திராமல் முதலில் என் நன்றியை வாங்கிக்கொள்ளுங்கள். பதினான்கு வருடங்களுக்கு முன், உங்கள் மச்சானுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, "அவரா, ஈ ஓட்டுறாரு" என்று சபை நடுவே சொன்னீர்களே, அதை இன்றோடு மறந்துவிட்டேன்.

போன வாரம் குடையைத் திருப்பித் தர என் ஆய்வறைக்கு வந்தீர்கள். மேசையில் என் குத்துவாள் ஈ இருந்தது. வயிறு குத்துவாள்போல் கூர்ந்து முடிவதால் அந்தப் பெயர், மற்றபடி சாது. உடம்பில் எங்கே எத்தனை தடித்த முடி என்று எண்ணித்தான் இவற்றை வகை பிரிக்கிறோம். எனக்குக் கிடைத்த ஒரே ஈயின் முதுகில் ஒன்றுகூட இல்லை. அதை வைத்தே புதிய பேரினம் ஒன்றை நிறுவி, நாற்பது பக்கக் கட்டுரையை உறையிலிட்டு ஒட்டியும் விட்டேன், மறுநாள் பத்திரிகைக்குப் போக வேண்டியது, நீங்களோ கேட்காமலே நுண்ணோக்கியில் கண்ணை வைத்தீர்கள்.

"மச்சான், இது பிறவி வழுக்கை இல்ல. கொட்டினது."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா தலையைத்தானே பாக்குறேன்? வேர் இருந்த குழி அப்படியே இருக்கு பாருங்க. முளைக்காத இடம்னா வழவழன்னு இருக்கும். யாரோ நல்லாத் தேச்சிருக்காங்க."

எண்ணினேன். எட்டுக் குழி. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பேரினத்துக்கு எத்தனை முடியோ, அத்தனை. தேய்த்தது யார்? தூசி படியக் கூடாதென்று ஆறு வருடமாக வாரம் தவறாமல் தூரிகையால் துடைத்த நான்தான்.

அது அச்சாகியிருந்தால் எங்கள் துறைத் தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் படித்துக்காட்டிச் சிரித்திருப்பார். என் மானத்தைக் காப்பாற்றினீர்கள். உறையைக் கிழித்துப் போட்டேன். தவறு எவ்வளவு சுலபமாக நேர்கிறது என்று கண்டபின் யார்மேலும் கோபம் தங்கவில்லை, மாப்பிள்ளை. எனக்கு வர வேண்டிய பதவியைத் தட்டிப் பறித்த அந்தத் தலைவரையும் மன்னித்துவிட்டேன். இனி யார் குறையையும் கிளறுவதாக இல்லை.

தங்கைக்கு என் ஆசி. உங்கள் கத்தரிக்கோல் மழுங்காதிருக்கட்டும்.

நன்றியுள்ள,
உங்கள் மச்சான்

பி.கு.: தபால்தலை ஒட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. தலைவருக்குப் பதவி வாங்கித் தந்த பேரினமும் முதுகில் முடியில்லை என்ற ஒரே காரணத்தில்தான் நிற்கிறது. அவருடைய ஈ மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. சலூன் விடுமுறையன்று அவசியம் வாருங்கள். நான் பார்த்தால், இல்லாவிட்டாலும் குழி தெரிந்தே தீரும். அதனால் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.