ஒன்பது மாதக் குழந்தையும் மிளகாய் விதையும்

எங்கள் வீட்டில் சுத்தத்துக்கு நான்தான் மந்திரி. கான்வென்ட்டில் சிஸ்டர் தினமும் நகம் பார்த்து உட்கார வைத்த பெண். கணவர் செருப்பைக் கழற்றும் முன்பே “கை” என்பேன். மனிதர் நேரே குழாயடிக்குப் போவார்.

அப்படிப்பட்ட வீட்டில் மகளுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று நாளாக நிற்கவில்லை. கண் குழி விழுந்துவிட்டது. எனக்கு உயிரே இல்லை. வைரஸா, அமீபாவா என்று தெரியட்டும் என்று டாக்டர் மலப் பரிசோதனை எழுதினார். லேப் அக்கா சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, டயப்பரிலிருந்து சுரண்டக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்றார்.

அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்தேன். ஒப்படைத்தது ஒரு தடவை, மிரட்டியது ஆறு தடவை.

“இதையாவது ஒழுங்கா செய்வீங்களா?”

மதியம் போனில், கொடுத்தாயிற்று என்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் குரல்.

மூன்று மணிக்கு லேப் அக்கா அழைத்தார்.

“பாப்பா என்னம்மா சாப்பிடுது?”

“தாய்ப்பால். கொஞ்சம் மசிச்ச வாழைப்பழம்.”

“இதுல மிளகாய் விதை இருக்கேம்மா. தக்காளித் தோல் வேற. வைரஸ் இல்ல, அமீபா இருக்கு. யாரோடதுன்னு வீட்டுல விசாரிங்க.”

விசாரிக்க வீட்டில் இருப்பதே ஒருவர்தான்.

வீட்டுக்குப் போனதும் நான் கத்தவில்லை. உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு மகளை மடியில் போட்டேன். ரிப்போர்ட்டில் அமீபாவாம், பத்து நாள் கசப்பு மருந்தாம், இப்போதே ஆரம்பிக்கணுமாம் என்றேன். கரண்டி அவள் உதட்டுக்குப் போகவில்லை. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

“அவளுக்கு வேண்டாம்மா.”

“ஏன்?”

“அது என்னோடது.”

அவர் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தபோதே குழந்தை டயப்பரில் போய்விட்டதாம். அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தாராம். வரவில்லை. வெறும் டப்பாவோடு என் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததாம். தயாராக வைத்திருந்த திட்டை விட்டுவிட்டு, கரண்டியை மகள் உதட்டில் வைத்தேன். என் வாய்க்குப் பயந்து ஒரு பகல் வீணாயிருக்கிறது. ஜெயித்தது நான்தான். சந்தோஷம்தான் வரவில்லை.

மறுநாள் நானே மாதிரி எடுத்துப் போனேன். வைரஸ்தான். உப்பு சர்க்கரைத் தண்ணீரிலேயே மகள் இரண்டு நாளில் தேறி, என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

அமீபா கையிலிருந்து சாப்பாட்டுக்குப் பரவுமாம். வீட்டில் மற்றவர்களும் பார்த்துவிடுங்கள் என்றார் லேப் அக்கா. இந்த வீட்டில் அப்படி ஒன்று வந்தால் எங்கிருந்து வந்திருக்கும் என்று கணவரிடம் ஜாடையாகச் சொல்லிக்கொண்டேதான் என் டப்பாவைக் கொடுத்தேன்.

சாயங்காலம் ரிப்போர்ட்டை அவர்தான் வாங்கி வந்தார். எனக்கும் அமீபா. அவர் வெளியே சாப்பிடுகிறவரே இல்லை. மூன்று வேளையும் என் கைச் சமையல்தான்.

மேஜைமேல் காகிதத்தை வைத்தார். பக்கத்தில் ஒரு புது சோப்பை வைத்தார்.

“கை” என்றார்.