ஆர்டர் வராத பந்தி

பதினான்கு பேரை மேய்க்கத் தெரியாதவன் நான் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கல்யாணம் தேவைப்பட்டது. என் கல்யாணம்கூட இல்லை, என் தங்கை கவிதாவின் கல்யாணம். அதற்கு முன் இரண்டு வருடமாக நான் ஆயிரக்கணக்கான பேருக்குத் தளபதியாக இருந்தவன். (கம்ப்யூட்டரில்தான். வேறு எங்கே?)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்களின் பிரிண்டரைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்குவதுதான் என் உத்தியோகம். சாயங்காலம் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் கோட்டை கட்ட உட்கார்ந்துவிடுவேன். பழைய காலத்து ராஜாக்கள் சண்டை போட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. வயல் போட வேண்டும், மரம் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். பிறகு வேல்காரன், வில்காரன், குதிரைக்காரன் என்று ஆள் சேர்த்து எதிரியின் கோட்டைக்கு நடத்திப் போக வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவாதவன் அங்கே ஒரு ராஜ்யத்துக்கே சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் எல்லாச் சண்டையிலும் தோற்றேன். எதிரி ஒரே ஒரு குதிரைக்காரனை அனுப்பி வேடிக்கை காட்டினால் போதும், என் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையை விட்டு அவன் பின்னால் ஓடிவிடுவார்கள். கோட்டை வாசல் அம்போ என்று திறந்து கிடக்கும். அப்புறம்தான் 'நில்' என்றொரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதை அமுக்கிவிட்டால் தலையில் அம்பு விழுந்தாலும் அசைய மாட்டார்கள். அடுத்த கட்டளை வரும்வரை நிற்பார்கள். அன்றிலிருந்து எனக்கு வெற்றிமேல் வெற்றி. உலகத்தின் எல்லாப் பிரச்சினைக்கும் அந்தப் பொத்தானே மருந்து என்று மனசார நம்ப ஆரம்பித்தேன்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா கல்யாணத்தில், பெண் வீட்டுப் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோய், அப்பாவின் சொந்தக்காரர்களுக்கு ரசம் மட்டும்தான் கிடைத்ததாம். முப்பது வருடம் அப்பா அதை விடவில்லை. அம்மா தன் அண்ணன்மார் பெருமையை எடுத்தாலே போதும்.

"ஆமாமா, பெரிய குடும்பம். பந்தியில ரசம்லாம் ஊத்துனாங்களே!"

அம்மா கரண்டியை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்போது அப்பாவே பெண்ணைப் பெற்றவர். அம்மாவின் மூன்று அண்ணன்மாரும் செலாயாங்கிலிருந்து வரப்போகிறார்கள். முப்பது வருடமாக இந்த ஒரு நாளுக்குக் காத்திருந்தவர்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார். "மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்டா. கேட்டரிங் ஆளுங்க சமைச்சா போதும். பரிமாறுறது நம்ம புள்ளைங்க கையால இருக்கணும். காஜாங்லேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்கார்ற முதல் பந்தி, ஒரு குறை இல்லாம போயிடணும். அது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்குறேன்."

அப்பா என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த நெகிழ்ச்சியிலேயே உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் போர்த்திட்டம் எழுதினேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பரிமாறும் லட்சணம் எனக்குத் தெரியும். ஒரே இலைக்கு மூன்று பேர் பீன்ஸ் வைப்பார்கள். சோற்றுக்கு முன்னால் பாயசம் வந்து நிற்கும். அழகான பெண் யாராவது வந்து உட்கார்ந்தால் நான்கு வாளிகள் அந்தப் பக்கம் பறக்கும். (அதில் ஒரு வாளி என்னுடையது.) குதிரைக்காரனைத் துரத்துகிற அதே வியாதி. மருந்துதான் என்னிடம் இருக்கிறதே!

பதினான்கு பேரைப் பொறுக்கினேன். உப்பு, ஊறுகாய் வைப்பவர்கள் முன்னணிப் படை. சோற்றுப் பாத்திரம் தூக்குபவர்கள் காலாட்படை. சாம்பார் வாளி குதிரைப்படை. அப்பளக்காரர்கள் பின்வரிசை வில்லாளிகள். வாட்ஸ்அப்பில் 'படை' என்று ஒரு குழு. துணைத் தளபதி என் சித்தப்பா மகன் குணா. தொழிற்சாலையில் லோரிக்குச் சரக்கு ஏற்றுவதைக் கண்காணிப்பவன். அவனிடம் ஒரே ஒரு குறைதான், சொன்னதை அப்படியே செய்வான்.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில். மேல்மாடியில் மணமேடை, கீழே சாப்பாட்டுக் கூடம். காலையில் படையை வரிசையாக நிறுத்திப் பேசினேன்.

"முன்னணி உப்பும் ஊறுகாயும் வெச்சிட்டு ஒதுங்கிடணும். மத்தவங்க சுவரோரமா அவங்கவங்க இடத்துல நில்லுங்க. நான் குரூப்புல ஆர்டர் போட்டாத்தான் சோறு எறங்கணும். அதுவரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது."

"யாராச்சும் கேட்டா?" என்றான் குணா.

"யார் கேட்டாலும்."

"பெரியப்பா கேட்டா?" பெரியப்பா என்றால் என் அப்பா.

"அவரே கேட்டாலும் லா!"

தாலி கட்டியானதும் கூட்டம் கீழே இறங்கியது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்து வாசலுக்குக் கிளம்பினேன். பாதிப் படியில் ஐயரின் குரல் மைக்கில் கேட்டது. "பொண்ணோட அண்ணன் எங்க? பொரி போட வரணும்!"

பெண்ணின் கையில் உடன்பிறந்தவன் பொரியை அள்ளிப் போட, அதை அவள் ஹோமத்தில் இட வேண்டும். கவிதாவுக்கு நான் ஒரே அண்ணன். என் மூன்று பக்கத் திட்டத்தில் அப்பளத்துக்குக்கூட நேரம் குறித்திருந்தேன். நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மேடைக்கு ஓடினேன். அம்மா என் கையைப் பார்த்தாள். "அக்னிக்கு முன்னாடி போன் என்ன கேடு? குடு இங்க." பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று தடவை பொரி போட வேண்டும். நான் ஆறு தடவை போட்டேன். "பிரதர், ஃபோகஸ் ஆகல, இன்னொருக்கா" என்று போட்டோக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குடும்பப் படம். நடுவில் அப்பா என் காதோரம் குனிந்தார்.

"கீழ எல்லாம் ஓடுதா?"

"கவலப்படாதீங்கப்பா. ட்ரெயினிங் குடுத்த ஆளுங்க."

அப்பா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும்.

கீழே நடந்தது பிற்பாடு குணா சொல்லியும், ஓர் அத்தை எடுத்த வீடியோவைப் பார்த்தும் தெரிந்துகொண்டது. காஜாங்காரர்கள் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் உப்பும் ஊறுகாயும் விழுந்துவிட்டன. அதோடு சரி. சுவரோரமாக வாட்டசாட்டமான பையன்கள் ஆவி பறக்கும் பாத்திரங்களோடு நேர்ப்பார்வை பார்த்து நிற்கிறார்கள். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து முதலில் இரண்டு பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

கேட்டரிங் அண்ணன் வந்து கெஞ்சியிருக்கிறார். "தம்பி, சாம்பார் ஆறுது. ஊத்துங்கப்பா."

"ஆர்டர் வரல பாஸ்" என்றானாம் குணா.

அவன் என்னை நான்கு முறை அழைத்திருக்கிறான். ("ஆபீஸ்காரனுங்கன்னு நெனச்சேன். கல்யாணத்தன்னைக்கும் விட மாட்டேங்குறானுங்களேன்னு கட் பண்ணிட்டேன்" என்றாள் அம்மா.) மேலே வந்து கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டால், "நீங்கதானே அண்ணே அசையக் கூடாதுன்னீங்க" என்பான்.

முதல் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. சர்க்கரை நோயாளி. இலை போட்டுவிட்டார்களே என்று மாத்திரையையும் விழுங்கிவிட்டார்.

"தம்பி, மாத்திரை போட்டுட்டேன். ரெண்டு கரண்டி சோறு வைப்பா."

"கொஞ்சம் சபார் அங்கிள், பொறுங்க. ஆர்டர் வந்துரும்."

"யாரோட ஆர்டர்?"

"ஜெனரல்."

"ஜெனரல் எங்க?"

"மேல பொரி போடறாரு."

பெரியவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "சரிப்பா, நீ நில்லு. உன் ஆர்டர நீ மீற வேணாம். பாத்திரத்த மட்டும் இப்படிக் குடு."

அசையக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தேன். பாத்திரத்தைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குணா கொடுத்துவிட்டான். அவரைப் பார்த்து மற்ற காஜாங்காரர்களும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டார்கள்.

அப்பாவோடும் செலாயாங் மாமாக்களோடும் நான் இறங்கி வந்தபோது, மாப்பிள்ளையின் பெரியப்பா தன் சொந்தக்காரர்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். என் படை வெறுங்கையோடு சுவரோரம் நின்றது. என்னைக் கண்டதும் குணாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அண்ணே, ஆர்டர்?"

பெரிய மாமா தன் தம்பியிடம் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "அன்னைக்கு நாமளாச்சும் ரசத்த நம்ம கையால ஊத்துனோம்டா."

அப்பா நேராகப் போய்ப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க சம்பந்தி" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். யாரிடமும் தலை குனியாத மனுஷன், என்னால் குனிந்தார்.

மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நானும் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. பிறகு காஜாங்கில் சம்பந்தி விருந்து. அப்பா அங்கே வரவே கூசினார். அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

இலை போட்டார்கள். உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை, அவர் அம்மா, என் சொந்தத் தங்கை உட்பட அத்தனை பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு சுவரோரம் வரிசையாக, நேர்ப்பார்வை பார்த்து நின்றார்கள். சாம்பார் வாளியோடு முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா.

"ஆர்டர் குடுங்க ஜெனரல்!"

முதலில் சிரித்தது அப்பா. தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "சொல்லித் தொலைடா, பசிக்குது!" மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஊறுகாய்க்காரத்தில் எனக்குக் கண் கலங்கியதாகச் சமாளித்தேன்.

திரும்பி வரும்போது காரில் அப்பா சொன்னார்.

"லெட்சுமி, யோசிச்சுப் பாத்தா உங்க வீட்டுல ரசமாச்சும் வந்துச்சு."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

எட்டு வருடமாகிவிட்டது. ரசக் கதையை அப்பா அப்புறம் எடுத்ததே இல்லை, என் கதையைத்தான் எடுக்கிறார். காஜாங்குக்கு எப்போது போனாலும் நான் ஆர்டர் போடும்வரை என் இலையில் உப்பும் ஊறுகாயும்தான். வீட்டில் அம்மா மட்டும், நான் கேட்பதற்கு முன்னாலேயே சோற்றைப் போட்டு, சாம்பாரைத் தாராளமாக ஊற்றிவிடுகிறாள்.