உபரிக் கை நெல்லும் கேடயம் வாங்கிய கொக்கும்

ஒரு காட்டில் நெல் ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. காடு என்றதும் புலியைத் தேடாதீர்கள். அது வெளியூர்ப் பணிக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

அங்கே கீரி செங்கமலம் ஆராய்ச்சி செய்தாள். நாலு வருஷத்துக்கு முன் குலைநோய் வந்து காட்டு நெல்லெல்லாம் கருகி, குருவிக் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அந்த நோயைத் தாங்கும் குணம் நெல்லில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவள் மூன்று வருஷமாக ஒட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு செடி தேறியது.

நெல்லின் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு கை. இந்தச் செடிக்கு மட்டும் ஒரு கை உபரி. உபரி என்றால் செழிப்பு என்று நினைப்பீர்கள், பாவம். முழங்கால் உயரம், கதிரில் பாதி பதர். ஆனால் அதன் பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று நோயில் விழுந்தால், தேடும் குணம் வேறெங்கோ இருக்கிறது. அந்தக் கணக்கு பிசகினால், அந்த உபரிக் கையில்தான். பிள்ளை பிறக்க விதை முற்ற வேண்டும், இன்னும் பத்து நாள்.

அப்போதுதான் இயக்குநர் யானை பார்வைக்கு வருவதாகச் சேதி வந்தது. வயல் மேஸ்திரி கொக்குக்குத் தலைகால் புரியவில்லை. வயலில் இனம் மாறி முளைத்த கலவன் செடிகளை எடுப்பதில் அவன் சூரன். உயரத்தில் மாறி நின்றால் போதும், வேரோடு பிடுங்கிவிடுவான்.

"மேஸ்திரியண்ணே, அந்தக் குட்டைச் செடியை மட்டும் தொட்டுடாதீங்க. என் உசுரே அதுலதான் இருக்கு" என்றாள் செங்கமலம்.

"அடையாளச் சீட்டு கட்டியிருந்தா தொடமாட்டேன் மேடம். சீட்டு இல்லாதது கலவன்."

கட்டியிருந்த சீட்டை மழை அடித்துப் போயிருந்தது. புதுச் சீட்டுக்குக் கிடங்குக்கு ஓடினாள். கிடங்குக்குப் பொறுப்பு ஆமை. வேறு யாரைப் போடுவார்கள்? பழைய சீட்டு தொலைந்த காரணத்தை மூன்று படிவத்தில் எழுதி வாங்கி, மழை பெய்ததற்குச் சாட்சியும் கேட்டது. தவளை வந்து கையெழுத்துப் போட்டது. சீட்டோடு அவள் திரும்பியபோது செடி வரப்பில் கிடந்தது. செங்கமலம் அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

யானை வந்தது. தும்பிக்கையை நீட்டி அளந்தது. வயல் முழுக்க ஒரே உயரம். கொக்குக்குக் கேடயம் கிடைத்தது.

மார்கழிப் பனியில் குலைநோய் வந்தது. ஒரு செடி பாக்கியில்லாமல் வயல் கருகியது. குருவிகள் காட்டை விட்டே போய்விட்டன. யானை மறுபடி வந்து வரப்பில் நின்று பார்த்தது.

"கருகுனதுல கூட ஏற்ற இறக்கம் இல்லையே. மேஸ்திரி, பெரிய வேலைதான்யா" என்றது.

கொக்குக்கு இரண்டாவது கேடயம். செங்கமலத்துக்கு ஒரு மெமோ: அந்தக் குணம் எந்தக் கையில் இருக்கிறது என்று இதுவரை தெரிவிக்காததற்கு விளக்கம் தரவும், மூன்று படிவத்தில்.

நீதி: பிழைப்பது பெரிதல்ல, சாகும்போதும் வரிசை கலையாமல் சாவதே சிறப்பு.