மேடையில் ஏறிய மண்ணீரல்

முள்ளியவளை
17.03.1995

என்றென்றும் என் மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் கனகலிங்கம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனிசி சிவலட்சுமியும் நல்ல சுகம். அங்கு வவுனியாவில் தாங்களும் வடிவக்காவும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மாள் துணை நிற்பாளாக. இக்கடிதத்தை நின்றபடி வாசிக்க வேண்டாம். கதிரையில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அக்காவையும் பக்கத்தில் இருத்தி, அயலட்டைக்குக் கேட்கும்படி உரத்து வாசிக்கவும்.

அத்தான், என் கலியாண வீட்டுப் பந்தியில் பத்துப்பேர் கேட்கத் தாங்கள் சொன்னது ஞாபகமிருக்கிறதா? "கனகலிங்கத்தின்ர உடம்பு ஒண்டுக்கும் உதவாத உடம்பு. வருசம் முழுக்கக் காய்ச்சல். வயித்து வண்டி மட்டும் பானை மாதிரி." நான் அன்று வாய் திறக்கவில்லை. இன்று திறக்கிறேன். அதே உடம்புக்கு, குறிப்பாக அதே வண்டிக்கு, போன கிழமை யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடத்துப் பரிசளிப்பு விழாவில், மேடையில் வைத்து, பொன்னாடை போர்த்தினார்கள்!

முதலில் இருந்து சொல்கிறேன். மலேரியாக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து என் மண்ணீரல் வீங்கியதும், என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியதும் தாங்கள் அறிந்ததே. அங்கே பேராசிரியர் தில்லைநாதன் என் வண்டியில் கை வைத்தவர், எடுக்கவே மனமில்லாமல் நின்றார். ஒழுங்கான மனிதருக்கு மண்ணீரல் இடப்பக்க விலாவுக்குள் ஒளித்துக் கிடக்குமாம், கையில் தட்டுப்படாதாம். எனக்கு அது தொப்புள் மட்டும் இறங்கி வந்து நின்றது. "கனகலிங்கம், சோதினைக்கு வாறியளோ?" என்று கேட்டார். நான் பயந்துபோய், "ஐயா, நான் எட்டாம் வகுப்போட நிண்டனான்" என்றேன். "நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். சும்மா படுத்துக் கிடவுங்கோ. பிள்ளையள் தடவிப் பாத்து என்ன வருத்தமெண்டு சொல்லுவினம். அதுதான் சோதினை" என்றார். அன்றிலிருந்து டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் சோதினை ஒன்றும் நானில்லாமல் நடந்ததில்லை. வெள்ளைக் கோட்டு கிட்ட வந்தால் போதும், நான் தானாகப் படுப்பேன், வயிறு தெரியச் சேட்டைத் தூக்குவேன், பெரிய மூச்சு எடுப்பேன். காய்ச்சல் வருத்தத்துக்கு விழுங்கக் குளிசையும் தந்து அனுப்புவார்கள். அதைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்துவிடுவேன். பின்னே என்ன அத்தான், மண்ணீரல் வத்திப்போனால் பிறகு என்னை ஆர் கூப்பிடப் போகினம்?

போன வருடச் சோதினைக்கு வந்த பிள்ளைகளில் தயாளினி என்று ஒருத்தி. மற்றவர்கள் வண்டியை விரலால் அளந்துவிட்டு ஓடிவிட்டார்கள். இவ மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "ஐயா, குளிசை ஒழுங்காப் போடுறனியளோ?" என்று கேட்டா. "ஓம் ஓம்" என்றேன். என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வீட்டில ஆர் சமைக்கிறது? என்ன கறி விருப்பம்?" என்றா. மனிசியின் பெயர், விலாசம் எல்லாம் எழுதினா. என்ன விரிவான விசாரிப்புப் பாருங்கோ! அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தமுறை மருத்துவப் பாடத்தில் தங்கப் பதக்கம். ஆருடைய மண்ணீரலைப் பார்த்து? என்ர மண்ணீரலை! விழாவுக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பிதழும் அனுப்பியிருந்தா.

வீட்டில் மட்டும் இந்த மரியாதை இல்லை அத்தான். போன வருடத்திலிருந்து ஞாயிறு தவறாமல் பாகற்காய்க் கறி. உயிர் போகிற கசப்பு. பாகற்காய் இப்படிக் கசந்து நான் கண்டதில்லை. ஏனப்பா என்று கேட்டால், "நேத்திக்கடன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்புகிறா. எந்தச் சாமி பாகற்காய் கேட்டது?

விழாவுக்குக் கலியாண வேட்டியை எடுத்தேன். அது இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. சவர்க்காரம் இல்லாமல் பனங்காயில் தோய்த்துத் தோய்த்து இளகிப்போயிற்று போல. கயிறு கட்டித்தான் நிறுத்தினேன். ஆனால் சந்தோசம் மனிசனை என்ன பாடு படுத்துது பாருங்கோ. முந்தியெல்லாம் யாழ்ப்பாணம் போகக் கடலேரி தாண்டுகிற கிளாலி வள்ளத்தில் என்னை இரண்டுபேர் தூக்கிவிட வேண்டும், இந்தமுறை நானே பாய்ந்து ஏறிவிட்டேன். பக்கத்தில் நின்ற மனிசருக்கும் கை கொடுத்து ஏற்றினேன்.

மண்டபத்தில் நேரே முன்வரிசையில் போய் இருந்தேன். ரோசாப்பூக் குத்திய பிள்ளையொன்று ஓடிவந்து, "ஐயா, இது படிப்பிக்கிறவைக்கு ஒதுக்கின கதிரையள்" என்றது. "ஓம் பிள்ளை, அதாலதான் இருக்கிறன். எத்தினை பேருக்குப் படிப்பிச்சனான்!" என்றேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தது. பிறகு பரிசுகள். பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு ஒவ்வொருவராக ஏறி வாங்கினார்கள். தயாளினிக்குப் பதக்கம் போட்டபோது கை வலிக்க வலிக்கத் தட்டியது நான். கடைசியாக, சிறந்த ஆசிரியர் விருதும் பொன்னாடையும் பேராசிரியர் தில்லைநாதனுக்கு. அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்தப் பிள்ளையளுக்கு உண்மையாப் படிப்பிச்சது நோயாளியள். அவையில ஒருத்தர் முள்ளியவளையில இருந்து வந்து முன்னுக்கு இருக்கிறார்" என்றார். கூப்பிட்டாரோ, சும்மா சொன்னாரோ, நான் அறியேன். ஏறிவிட்டேன்.

ஏறிப் பார்த்தால் சுற்றிவர வெள்ளைக் கோட்டு! பழக்கதோசம் அத்தான், வேறென்ன? பரிசு அடுக்கியிருந்த நீள மேசையில் கிண்ணங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்தேன். சேட்டைத் தூக்கினேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது. பிரதம விருந்தினர் ஒரு வயதான டொக்டர். "சரி, படுத்திட்டார். பாப்பமே" என்று சிரித்துக்கொண்டு கையை வைத்தார். "பெரிய மூச்சு எடுங்கோ." எடுத்தேன். அவருடைய சிரிப்பு நின்றது. "சரிஞ்சு படுங்கோ." படுத்தேன். அமத்தினார், தட்டினார், பேராசிரியரைக் கூப்பிட்டார். அவரும் அமத்தினார், தட்டினார். இரண்டுபேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு தயாளினி வந்து விலாவுக்குக் கீழே விரலை வைத்தா. வைத்தபடியே கண்ணீர் பொலபொலவென்று ஓடிற்று. "என்னத்துக்கு அழுறியள் பிள்ளை? அடுத்த சோதினைக்கும் நான் கட்டாயம் வருவன்" என்று தேற்றினேன். அது அழுகையோடு சிரித்தது. பேராசிரியர் ஒலிவாங்கியில் இங்கிலிசில் ஏதோ சொன்னார். முழு மண்டபமும் எழும்பி நின்று கை தட்டியது! பேராசிரியர் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினார். இவ்வளவு பெரிய மண்ணீரலை அங்கே ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

இனிச் சொல்லுங்கோ அத்தான், ஒண்டுக்கும் உதவாத உடம்போ? பந்தியில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வடிவக்காவைச் சாட்சி வைத்து, இரண்டு வரி பதில் எழுதவும்.

தங்கள் வீட்டுக் கிணறு வற்றாமலும், வாசலில் வருத்தம் துன்பம் மிதியாமலும் அம்மாள் காக்கட்டும்.

பொன்னாடை போர்த்தப்பெற்ற மைத்துனன்,
கனகலிங்கம்

பி.கு. (ஞாயிற்றுக்கிழமை)

கடிதம் கொண்டுபோக இருந்தவர் இன்னும் வவுனியாவுக்குப் புறப்படவில்லை. அதற்குள் சிவலட்சுமி இதை எடுத்து வாசித்துவிட்டு, குசினி அடுப்படியில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"இஞ்சேருங்கோ, அவை கை தட்டினது உங்கட மண்ணீரல் பெரிசெண்டில்லை. தேடிப் பாத்து ஆளைக் காணேல்லை எண்டுதான்!"

அந்தத் தயாளினிப் பிள்ளை சோதினை முடிந்த கையோடு இவவுக்குக் குளிசையும் அனுப்பி, விபரமும் எழுதியிருக்கிறா. கிழமைக்கு ஒருக்கா, ஞாயிறு ஞாயிறாய். இவ அதை இடித்துப் பாகற்காய்க் கறிக்குள் போட்டிருக்கிறா. "இவ்வளவு நாளா ஒரு காய்ச்சல் வந்ததோ, யோசிச்சுப் பாருங்கோ" என்றா. யோசித்தேன். வரவில்லை. விலாவுக்குக் கீழே கையை வைத்து நானே பெரிய மூச்சு எடுத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை அத்தான்.

எனக்குப் பொல்லாத கோபம். "இனி என்னை ஒரு சோதினைக்கும் கூப்பிடாயினம். நான் ஆருக்கு என்னத்துக்கு உதவப் போறன்?" என்று கத்தினேன். அவ சிரிப்பை நிறுத்தினா. "எனக்கு உதவுவியள். நீங்கள் நடுங்கிக் கிடக்கேக்க, நான் தனிச்சுப் போடுவனோ எண்டு பயந்து கிடந்தது உங்களுக்குத் தெரியுமோ?" என்றா. எனக்குத் தெரியாது அத்தான். இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதேயில்லை.

ஆகவே தாங்கள் சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கள் நெஞ்சுக்குள் ஏதோ சத்தம் கேட்குது என்று வடிவக்கா எழுதியிருந்தா. பேராசிரியரிடம் சொல்லி வைக்கவோ? படுக்கிற முறையை நான் பழக்கிவிடுகிறேன்.

இன்றைக்கும் பாகற்காய்க் கறிதான். இரண்டாந்தரம் கேட்டேன். "குளிசை போன ஞாயிறு போட்டதோட முடிஞ்சுது" என்றா.

"பரவாயில்லை, போடும்" என்றேன்.