மாடியேறிய வேப்பிலைக் குடம்

வாசகப் பெருமக்களே, நீங்களே சாட்சி! கோவில்பட்டியைத் தாண்டிப் புதூர்ப் பக்கம் ஒருமுறை பாருங்கள். பார்வையைத் தடுக்க அங்கே ஏதேனும் உண்டா? கண் களைத்துத் திரும்பும்வரை கரிசல், கரிசல், கரிசல். இத்தனை தட்டையான பூமியில் வானத்தை நோக்கி ஒரு நகரத்தை நிமிர்த்தியே தீருவேன் என்று கிளம்பிய மனிதர் மூவுலகிலும் ஒருவரே. எங்கள் தெருவின் லிப்ட் அண்ணாச்சிதான் அவர்.

வாலிபம் முழுவதையும் மும்பையில் லிப்ட் பழுதுபார்த்தே கழித்தவர். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே லிப்டுகள் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினார். வேலை குறைவு, கனவு அதிகம். எதையும் அகலவாட்டில் பார்க்க அவருக்குக் கண் கூசும். கடம்பூர்ப் போளிப் பொட்டலத்தைப் பிரித்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "தம்பி, அடியில கடைகண்ணி. அதுக்கு மேல வீடு. அதுக்கு மேல பள்ளிக்கூடம். உச்சியில சோலார்" என்பார். அவர் விளக்கி முடிப்பதற்குள் சோலாரையும் பள்ளிக்கூடத்தையும் நான் தின்று முடித்திருப்பேன்.

"மனுசன் மேல போகட்டும் தம்பி, மண்ணு கீழ கெடக்கட்டும். கரிசல்ல சோளம் வெளையும். காங்கிரீட்டு வெளையுமா?"

மேடையில் முக்கால் மணி நேரம் முழங்கிக் கோப்பை வாங்கியவன் நான். இந்த மூன்று வரியைப் போளி மென்றபடியே சொல்லிவிட்டுப் போனார் அவர். அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அவருடைய தத்துவத்துக்குச் சோதனை, சொந்தச் சித்தியின் வடிவத்தில் வந்தது. புதூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் செல்லத்தாய்ச் சித்திக்கு ஒரே புஞ்சை. வெளியூர்களில் பிழைக்கும் மகன்கள் நால்வர். ஆளுக்கொரு வீடு கட்டப் புஞ்சையைக் கூறுபோடுவது, மிச்சத்தை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. மனை விற்பவர் மஞ்சள் கொடியையும் நட்டுவிட்டார். செய்தி கேட்டு அண்ணாச்சி பறந்தார், துணைக்கு நான்.

"சித்தி, புஞ்சையத் தொடாத. மாடு கட்டுற தொழு எடம் போதும், நாலு மாடி கட்டித் தாரேன்."

"ஏலே, கரிசல்ல குத்துச்செவரே வெடிச்சுப்போகுது. இதுல மாடியாக்கும்?"

"ஆழமாத் தூண் எறக்குதேன்."

"ஆடு எங்கன கெடக்கும்?"

"மொட்டை மாடியில."

"ஆட்டுப் புழுக்க?"

"மாடித்தோட்டத்துக்கு உரம்!"

சித்தி அசரவில்லை, கடைசி ஆயுதத்தை எடுத்தார். "கோயில் கொடைக்கு அம்மன் கரகம் வாசலுக்கு வாசல் வந்து நிக்கும். நாலாம் மாடி வாசலுக்கு ஆத்தா எப்படிலே வருவா?"

அண்ணாச்சியின் முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது. "லிப்ட்ல வருவா!"

அதை நிரூபிக்கத்தான் அந்த ஒத்திகை. ஊரில் அவர் பராமரித்துவந்த லிப்ட் ஒன்று, நான்கு மாடித் திருமண மண்டபத்தில் இருந்தது. கரகத்துக்குப் பதிலாக வேப்பிலை சொருகிய பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம், வரவேற்கக் கற்பூரத் தட்டு, முன்னுரைக்கு நான். லோடு ஆட்டோவில் சித்தி, மகன்கள், மாமன் மச்சான்கள், மேளக்காரர் எல்லாரும் வந்து இறங்கினார்கள். குடம் உள்ளே போனதும் எல்லாரும் உள்ளே போனார்கள். நெரிசலில் என்னையும் என் முன்னுரையையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள்.

லிப்ட் வீறிட்டது.

"பாரம் கூடிப்போச்சு. யாராச்சும் எறங்குங்க" என்றார் அண்ணாச்சி.

ஒருவரும் அசையவில்லை. வீறிடலுக்கு ஏற்ப மேளக்காரர் தாளம் போடத் தொடங்கினார்.

"கரகத்துக்கு வலப்பக்கம் நிக்கிறது எங்க வகையறா மரியாதை. எறங்குனா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்றார் ஒரு மச்சான்.

"அப்ப நாங்க மட்டும் வேடிக்கை பாக்க வந்தவியளா?" என்றார் இன்னொருவர்.

"ஐயா, இது பிளாஸ்டிக் குடம்" என்றேன், தர்க்கத்தில் நம்பிக்கை வைத்து.

"வேப்பிலை நெசந்தான தம்பி?"

வானளாவ எழ வேண்டிய நகரம், ஒருவர் இறங்க மறுத்ததால் தரைத்தளத்திலேயே நின்று அலறியது. சித்தியோ, "பாத்தியாலே? ஆத்தாளுக்கே மனசில்ல" என்று உதட்டைப் பிதுக்கினார். புஞ்சை கைநழுவிக்கொண்டிருந்தது.

கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வெளியே இறங்கினார். அலறல் நின்றது. கதவு மூடியது. லிப்டை இயக்கத் தெரிந்த ஒரே மனிதர் வெளியே. உள்ளே இருந்தவர்கள் கைக்கு எட்டிய பொத்தானையெல்லாம் அழுத்தினார்கள்.

முதல் மாடியில் கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, கற்பூரம் ஏற்றி நின்றார் அண்ணாச்சி. "வாங்க, வாங்க! முத மாடி வீட்டுக்காரன் கும்புடுதேன்!"

இரண்டாம் மாடியில் திறந்தது. அதே அண்ணாச்சி, படியேறி ஓடிவந்ததில் சட்டை மட்டும் நனைந்திருந்தது. "ரெண்டாம்... மாடி..."

மூன்றாவதில் குரல் இல்லை, தட்டு மட்டும் சுற்றியது. நான்காவதில் ஆளே நிற்கவில்லை; மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் கற்பூரம் எரிந்தது. மேளம் முழங்க, மச்சான்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்தி வெளியே வந்தார். முந்தானையால் அண்ணாச்சியின் நெற்றி வியர்வையைத் துடைத்தார். மூத்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"மஞ்சக் கொடியப் புடுங்கி எறிஞ்சிருலே."

உடனே சித்திக்கே ஒரு கலக்கம். "ஆனா எனக்கு மொழங்கால் வலி. கரண்டு போயிருச்சுன்னா?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு முன் எந்த நாவலரும் நிலைகுலைவார். அண்ணாச்சி மட்டும் இரைக்க இரைக்க எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கரண்டு போனா ஒன்னைய நாந் தூக்கிட்டு வாரேன் சித்தி. நாலு மாடி என்ன, நாப்பது மாடின்னாலும் தூக்கிட்டு வாரேன்."