பெரிய டிஸ்கை மாட்டச் சொன்ன விஷயம்

மட்டாஞ்சேரி,
மார்கழி 19.

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் விஸ்வநாத் அவர்களுக்கு ராமபத்ரன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் கனகாம்பாளும் க்ஷேமம். ஆபீஸில் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் காலமாகிவிட்டது. அவ்விடத்து க்ஷேமத்தைக் காலை ஆறு மணிக்கே பூ படத்தோடு குடும்பக் குரூப்பில் போட்டுவிடுகிறீர்கள், ஆகவே விசாரிக்கவில்லை. நீங்கள் இருக்கும் வைட்டிலா இங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான் என்றாலும் தபாலில் எழுதுகிறேன். நான் அந்தரங்கமாக எது அனுப்பினாலும் அதை நீங்கள் குரூப்பில் தள்ளிவிடுவது வழக்கம் (உருப்படி 58).

உருப்படி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் 'அத்திம்பேர்' என்ற பெயரில் ஒரு ஃபைல் வைத்திருந்தேன். லோகாம்பாள் அக்காவை நீங்கள் கல்யாணம் செய்துகொண்ட அன்று மாப்பிள்ளைக் காரில் எனக்கு இடமில்லை என்று இறக்கிவிட்டதில் தொடங்கி, முப்பத்தொன்பது வருஷமாக நீங்கள் எனக்குச் செய்த அவமானங்கள், தேதி, இடம், சாட்சி சகிதம், மொத்தம் அறுபத்து நாலு. வருகிற தை எட்டாம் தேதி உங்கள் எழுபதாவது வயசு பீமரத சாந்தியில் "ராமு ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று நீங்களே சபையில் சொல்லியிருக்கிறீர்கள். ஃபைலைப் படித்துவிடலாம் என்றிருந்தேன். அந்த ஃபைல் இப்போது இல்லை. அதற்கும் நீங்கள்தான் காரணம். இது உருப்படி 65 ஆகியிருக்கும், எழுதிவைக்க இடமில்லை.

போன ஓணத்தன்று இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீங்கள் பேச்செடுத்தீர்கள். "மூணு கம்ப்யூட்டர் வெச்சுண்டு ஆபீஸ் நடத்தறாய், ஒரு பேக்கப் கிடையாதோடா ராமு? ஒரு பழைய பெட்டியிலே லினக்ஸ் போடு. சும்மா கிடைக்கறது. கொறச்சு மூளை வேணும், அவ்வளவுதான், கேட்டியோ!" என்றீர்கள். பந்தியே சிரித்தது. அக்கா பாயசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உருப்படி 63.

எனக்கு மூளை உண்டு என்று நிரூபிக்க, மேஜைக்கடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்து லினக்ஸ் ஏற்றினேன். பாஸ்வேர்டு கேட்டது. தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டுதான் கெட்டுவிட்டதென்று வேறு வாங்கி வந்தேன், அதிலும் விழவில்லை. விழாதது அதன் சுபாவமாம், மூன்றாம் நாள் தெரிந்தது. பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு பேச சாம்பா என்று ஒன்றைப் போட வேண்டும். என் ஆபீஸில் இருபது வருஷமாக இருக்கிற சுள்ளிக்கல் நாணு, "சம்பா அரியோ சாரே?" என்று அரிசியை நினைத்துக் கேட்டுவிட்டுப் போனான். போட்ட பின்பும் மூன்று விண்டோஸும் சர்வராகிவிட்ட அந்த லினக்ஸ் பெட்டியைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே கூடத்தில் ஒரே ஒயரில் இருந்துகொண்டு, என் கல்யாணத்துக்கு வந்த உங்கள் பக்கத்து மனிதர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன (உருப்படி 29). ஆனால் பதினோராம் நாள் கண்டுகொண்டன. சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றிலிருந்தும் ஃபைல்கள் சர்வருக்குப் போய், அதன் வெளியே ஒயரில் தொங்கும் பெரிய டிஸ்கில் உட்கார்ந்தன. திரையில் 'வெற்றி' என்று வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் யோசனை என்பீர்கள்.

ஐப்பசி மழையில் ஆபீஸ் கூரை ஒழுகியதால் சர்வரை நகர்த்தி வைத்தேன். அன்று மத்தியானம், "நீ சும்மாதானே இருக்காய்" என்று முந்தின வாரம் நீங்கள் என் தலையில் கட்டிய மண்டபம் பார்க்கும் வேலைக்காக (உருப்படி 64) வைட்டிலா பஸ்ஸில் போகும்போது, பெரிய டிஸ்கின் ஒயர் கொஞ்சம் தளர்ந்திருந்ததோ என்று சந்தேகம் வந்தது. லினக்ஸில் டிஸ்கைச் சேர்ப்பதற்கு மவுண்ட் என்று பேர். நான் அதை மாட்டுவது என்றே சொல்லி வந்தேன். நாணுவை போனில் கூப்பிட்டேன்.

"நாணு, அந்தப் பெரிய டிஸ்கை நல்லா மாட்டு!"

"பெரிய டிஸ்கா சாரே? மாட்டணோ?"

"ஆமா, உடனே மாட்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "மாற்றி சாரே."

"மாட்டியாச்சா?"

"மாற்றி, மாற்றி. பத்ரமாயிட்டு மாற்றி."

இருவரும் திருப்தியாகப் போனை வைத்தோம்.

அத்திம்பேர், மலையாளத்தில் மாற்று என்றால் அப்புறப்படுத்து என்றும் அர்த்தம். பஸ் இரைச்சலில் அவர்கள் மாற்றுக்கும் நம் மாட்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. முப்பது வருஷமாக மலையாளத்துக்கும் தமிழுக்கும் நடுவில் உட்கார்ந்து பத்திரங்களை மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன் நான். வாசலில் போர்டு இருக்கிறது. நாணு அந்த டிஸ்கைக் கழற்றி, துடைத்து, துணியில் சுற்றி, எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டான்.

சர்வருக்கு அதனால் ஒரு வருத்தமும் இல்லை. பெரிய டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் இருந்ததாம். தினமும் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் அதற்குள், அதாவது தன் சொந்தச் சின்ன டிஸ்கின் வயிற்றுக்குள்ளேயே, திணித்துக்கொண்டு 'வெற்றி' என்று சொல்லி வந்தது. நாற்பத்தாறு நாள். நாற்பத்தேழாம் நாள் வயிறு நிரம்பிப் பிரக்ஞை தப்பியது. அதே வாரம் கடற்காற்றின் உப்பில் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரும் போனது. சர்வரைத் தட்டி எழுப்பித் தேடினேன். கட்சிக்காரர்களின் பத்திரங்கள் எல்லாம் இருந்தன. 'அத்திம்பேர்' ஃபைலும் இருந்தது, ஆனால் பெயர் மட்டும்தான். அளவு பூஜ்யம். பழையதை அழித்துவிட்டுப் புதிதை எழுதப்போய், இடமில்லாமல் நின்ற நகலாம்.

நாணுவிடம் டிஸ்க் எங்கே என்றால், "அது நான் பத்ரமாயிட்டு வெச்சிருக்கு சாரே, எவிடேன்னு இப்போ ஓர்ம்ம இல்லா," என்கிறான். ஞாபகமில்லையாம்.

நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். பதினொன்றுதான் தேறின. அவற்றிலும் இரண்டு, நீங்கள் எனக்குச் செய்ததா நான் உங்களுக்குச் செய்ததா என்று தெளிவாக இல்லை. ஆதாரமில்லாமல் சபையில் பேசுவது என் தொழிலுக்கு அழகல்ல. ஃபைல் இல்லாமல், ஓணத்தன்று சிரித்த அதே முகங்களுக்கு முன்னால் வெறும் வாயோடு நிற்கவும் என்னால் ஆகாது. ஆகையால் தை எட்டாம் தேதி நான் வரமாட்டேன். கனகாம்பாள் வருவாள். மண்டபச் சாவியை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். நீங்கள் ஆயுள் ஆரோக்யத்தோடு இருக்க வேண்டும். என் ஃபைலுக்கும் அது அவசியம்.

இப்படிக்கு,
ராமபத்ரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நாணு டிஸ்கோடு வந்தான். சாயாப்பொடி டப்பாவில் இருந்ததாம். நானே என் கையால் மாட்டினேன். ஃபைல் முழுசாக இருக்கிறது. அறுபத்து நாலையும் உட்கார்ந்து படித்தேன். உருப்படி 27: 'என் கல்யாணத்துக்கு முன் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்திம்பேர் ஒன்பது நாள் கூடவே தங்கினார். ஒன்பது நாளும் குறட்டை.' சாட்சி என்ற இடத்தில், 'வேறு ஒருத்தரும் வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன். எட்டாம் தேதி அதை மட்டும் படிப்பேன், குறட்டை உட்பட. மேலே வரமாட்டேன் என்று எழுதியிருப்பதை மாற்றவும். மலையாள அர்த்தத்தில்.